11 அரியரோட நின்னுட்டேன். டிகிரி இல்லாம ஃப்ரீலான்ஸ் வெப் வேலை ஓடுமா?

அரியர்பையன்
3 ஜூன் 2024, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஊர் சிவகாசி. வயசு 22. ஈசிஇ மூணாவது வருஷத்தோட நின்னுட்டேன், 11 அரியர். அப்பா ஆஃப்செட் பிரஸ்ல கட்டிங் மெஷின் ஓட்டுறார். கொரோனாவுல காலண்டர் ஆர்டர் படுத்து, ஃபீஸ் கட்ட முடியாம போச்சு. இதைத்தான் எல்லார்கிட்டயும் காரணமா சொல்றேன். பாதி உண்மை. மீதி, கணக்குப் பேப்பர்.

2022ல இருந்து ஒரு பிரஸ்ல டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல அச்சுப் பக்கம் அமைக்கிற வேலை பார்க்குறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், காலண்டர் ஸ்லிப். பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப். சம்பளம் 11,000. ராத்திரி உட்கார்ந்து ஃப்ரீகோட்கேம்ப்ல எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் முடிச்சேன். ரியாக்ட்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி பாதியில நிக்குது. பழைய திங்க்பேட் ஒண்ணு 17,500க்கு வாங்கினேன், 8 ஜிபி ராம்.

ஒரு ஃப்ரீலான்ஸ் தளத்துல ப்ரொஃபைல் போட்டு அஞ்சு மாசம் ஆகுது. 62 வேலைக்கு எழுதிப் போட்டேன். வந்த பதில் ரெண்டு. ஒருத்தர் டெலிகிராமுக்கு வான்னார். இன்னொருத்தர் என் அக்கவுண்டை மாச வாடகைக்குத் தர்றியான்னு கேட்டார்.

டிகிரி இல்லாததுதான் காரணமா? அம்மா அரியரை எழுதி முடிங்கிறாங்க. காலேஜ்ல பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடிச்சு வச்சிருக்காங்க, பாக்கி கட்டினாத்தான் தருவாங்களாம். அப்பா ஒண்ணும் சொல்றதில்ல. அதுதான் தாங்க முடியல.

கனவு2கே
3 ஜூன் 2024, இரவு 11:48

ப்ரோ கவலைப்படாதீங்க!! பில் கேட்ஸ் டிராப் அவுட், ஜுக்கர்பெர்க் டிராப் அவுட். டிகிரி வெறும் பேப்பர். ஸ்கில்தான் முக்கியம். ஆறே மாசத்துல டாலர்ல சம்பாதிப்பீங்க.

ரிச்சி_தெரு
4 ஜூன் 2024, காலை 6:15

தம்பி கனவு, பில் கேட்ஸ் விட்டது ஹார்வர்டை. அவர் படிச்ச பள்ளிக்கூடத்துல 1968லயே கம்ப்யூட்டர் டெர்மினல் இருந்துச்சு, அப்பா பெரிய வக்கீல். நம்ம பையன் விட்டது 11 அரியரை. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதே.

அரியர்பையா, உன் கேள்விக்கு வர்றேன். நான் பத்தாவதுதான். 1994ல ரிச்சி தெருவுல ஒரு கடைக்கு டீ வாங்கப் போனவன், அங்கயே நின்னு மெஷின் அசெம்பிள் பண்ணக் கத்துக்கிட்டேன். இன்னைக்கு 14 கடைக்கு நெட்வொர்க், பில்லிங், சிசிடிவி எல்லாம் வருஷ ஒப்பந்தத்துல பார்க்குறேன். இத்தனை வருஷத்துல "என்ன படிச்சிருக்கே"ன்னு கேட்டது ரெண்டே பேர். ஒருத்தர் பேங்க் மேனேஜர், இன்னொருத்தர் என் மாமனார். கிளையண்ட் கேட்கிறது ஒண்ணுதான்: சாயந்திரம் பில் போட முடியாம கடை நின்னா, போன் பண்ணினா எடுப்பியா?

அக்கவுண்ட் வாடகைக்குக் கேட்டவனை உடனே பிளாக் பண்ணு. உன் ஆதாரும் உன் பேங்கும் வச்சு எவனோ வேலை செய்வான், பணத்தை எவன்கிட்டயாவது ஏமாத்தி வாங்குவான், போலீஸ் உன் வீட்டுக்கு வரும். டெலிகிராம் காரனும் அதே ஜாதி. முதல்ல சின்னதா ஒரு "டாஸ்க்" தந்து 150 ரூபாய் போடுவான், அப்புறம் உன்கிட்ட 5,000 கட்டச் சொல்லுவான். ஏற்கெனவே ஏதும் கட்டியிருந்தா வெட்கப்படாம சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு போன் பண்ணு.

ஓஎம்ஆர்_வாசி
4 ஜூன் 2024, காலை 10:05

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆளெடுக்கும் பிரிவில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் சொல்லத் தயங்குவதை நான் சொல்லிவிடுகிறேன்.

கேம்பஸ் தேர்வில் "பத்தாவது முதல் எல்லாவற்றிலும் 60 சதவீதம், நிலுவை அரியர் கூடாது" என்ற வடிகட்டி எதற்காக? 5,000 விண்ணப்பத்தை 500 ஆக்குவதற்காக. திறமையை அளப்பதற்காக அல்ல. ஃப்ரீலான்ஸில் அந்த வடிகட்டி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் வேறு இடங்களில் டிகிரி திரும்பி வந்து கதவில் நிற்கும். அமெரிக்க எச்-1பி வேலை விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடானதோ வேண்டும். ஓராண்டுப் படிப்புக்கு மூன்றாண்டு வேலை அனுபவம் என்று கணக்குப் போடுவார்கள். அப்படிப் பார்த்தால் பட்டத்துக்குப் பதில் 12 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். ஜெர்மனி மட்டும் 2023 நவம்பரிலிருந்து ஐடி ஆட்களுக்குக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது: கடந்த 7 ஆண்டில் 3 ஆண்டு அனுபவமும் அவர்கள் சொல்லும் சம்பளமும் இருந்தால் பட்டம் இல்லாமலே ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி.

நீங்கள் 2019இல் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். அண்ணா பல்கலைக்கழக விதியில் பி.இ.யை முடிக்க மொத்தம் 14 செமஸ்டர், அதாவது 7 வருடம். 2026 வரை உங்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. பிறகு மூடிவிடும். "ஸ்கில் போதும்" என்று சொல்பவர்கள் உங்கள் வயதில் இருக்கிறார்கள். 35இல் உங்களுக்குப் பதில் சொல்ல இங்கே இருக்கமாட்டார்கள்.

கனவு2கே
4 ஜூன் 2024, காலை 10:20

சார் நெகட்டிவா பேசாதீங்க.

ஓஎம்ஆர்_வாசி
4 ஜூன் 2024, காலை 10:31

கணக்குச் சொன்னால் நெகட்டிவ் என்கிறீர்கள்.

முல்லை_நிரல்
4 ஜூன் 2024, மதியம் 2:40

மதியச் சமையல் முடிச்சிட்டு வந்து பார்த்தா இங்க பெரிய சண்டையா இருக்கு.

தம்பி, நான் உடுமலைப்பேட்டை. பிளஸ் டூ முடிச்சதும் கல்யாணம். அப்புறம் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசருக்கு உதவியாளரா ஆறு வருஷம் இருந்தேன். எக்செல் ஷீட், பையருக்கு மெயில், சாம்பிள் எங்க நிக்குதுன்னு விசாரிக்கிறது, இதுதான் வேலை. 2016ல வேர்ட்பிரஸ் கத்துக்கிட்டேன். எனக்கு முதல் கிளையண்ட் எந்தத் தளத்துலயும் வரலை. பக்கத்து பில்டிங்ல லேபிள் அடிக்கிற கம்பெனி. அவங்க கேட்டலாக்கை இணையத்துல ஏத்தினேன், 8,000 ரூபாய். ஏன் என்கிட்ட கொடுத்தாங்க? கேர் லேபிள்னா என்ன, மெயின் லேபிள்னா என்ன, பையர் எதைக் கேட்பான்னு எனக்குத் தெரியும். அவங்க எனக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. சென்னையிலிருந்து வந்த டெவலப்பருக்கு அரை நாள் விளக்கிட்டு, அப்புறமும் தப்பா வாங்கியிருந்தாங்க.

இப்ப உன் பதிவை நீயே திரும்பப் படி. "பேஜ்மேக்கர்"னு ஒரு வார்த்தையில தாண்டிப் போயிட்டு, பாதியில நிக்கிற ரியாக்டைப் பத்திக் கவலைப்படுற. ரியாக்ட் தெரிஞ்சவங்க அந்தத் தளத்துல லட்சக்கணக்குல இருக்காங்க. நீ 62 வேலைக்கு எழுதினதுல ஒண்ணாவது "நான் சிவகாசி அச்சகத்துல வேலை பார்க்கிறவன்"னு ஆரம்பிச்சுதா?

அரியர்பையன்
4 ஜூன் 2024, இரவு 10:55

இல்லக்கா. "ஐ ஆம் எ பேஷனேட் வெப் டெவலப்பர்"னு ஆரம்பிச்சேன். அதை மறைக்கத்தான் பார்த்தேன். டிடிபின்னா கௌரவம் இல்லைன்னு நினைச்சேன்.

முல்லை_நிரல்
4 ஜூன் 2024, இரவு 11:30

கௌரவம்னு சொன்னியே, அந்த வார்த்தையிலயே உன் வேலை இருக்கு.

தமிழ்நாட்டுல எத்தனை சின்னப் பதிப்பகம், எத்தனை மாத இதழ், எத்தனை சங்கம் 20 வருஷக் கோப்புகளைப் பாமினி, ஸ்ரீலிபி, வானவில்னு பழைய தமிழ் ஃபாண்ட்கள்ல வச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க தெரியுமா? எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு தரமா அறிவிச்சது 2010ல. அச்சகங்கள் இன்னும் பழைய ஃபாண்ட்லயே ஓடுது, உனக்கே தெரியும். அந்தக் கோப்பை வெப்சைட்ல ஏத்தினா ஆங்கில எழுத்துக் குப்பையா வரும். மின்னூல் போட முடியாது, தேட முடியாது.

பழைய ஃபாண்ட்ல கண்ணுக்குத் தெரியுற வரிசையிலதான் எழுத்து இருக்கும். "கொ"ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால், மூணு துண்டு. யூனிகோட்ல க முதல்ல, ஒகரக்குறி அதுக்குப் பின்னாடி. இணையத்துல கிடைக்கிற மாற்றிகள் இதைப் பெரும்பாலும் சரியாவே செஞ்சுடும். மிச்சம்தான் உயிரை வாங்கும். "கௌரவம்" வந்து "கெளரவம்" ஆகும், ஏன்னா பழைய ஃபாண்ட்ல ள-வும் ஔகாரத்தோட இறக்கையும் ஒரே துண்டு. "ர்" வர வேண்டிய இடத்துல துணைக்காலுக்கு மேல புள்ளி வச்சு அடிச்சிருப்பாங்க. தாள்ல பார்த்தா ஒரே மாதிரி தெரியும், கம்ப்யூட்டர்ல தேடினா கிடைக்காது. எ-க்குப் பதிலா தமிழ் எண் ஏழு. இதையெல்லாம் பார்த்ததும் பிடிக்கிற கண்ணு உனக்கு வந்திருக்கும். அதோட பைத்தான்ங்கிற நிரல்மொழியில கண்டுபிடி-மாற்று விதிகள் எழுதக் கத்துக்கிட்டா, ஒரு புத்தகத்துக்கு மூணு நாள் ஆகிற வேலை அரை நாள்ல முடியும்.

பைத்தான் தமிழ்லயே படிக்கணும்னா கணியம் தளத்துல இலவசமா இருக்கு. விழுப்புரத்துல லினக்ஸ் பயனர் குழு ஒண்ணு கிராமத்துப் பசங்களுக்காகவே நடத்துறாங்க. சென்னைக்கு வந்தா பைத்தான் குழுவோட மாசக் கூட்டத்துக்குப் போ. பேச வேண்டாம், பின்னாடி உட்கார்ந்து கேட்டாலே போதும்.

ரிச்சி_தெரு
5 ஜூன் 2024, காலை 5:50

முல்லை அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. இப்படி ஒரு வேலை இருக்குன்னே எனக்குத் தெரியாது.

ஓஎம்ஆர்_வாசி
5 ஜூன் 2024, காலை 9:40

நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் இது வாழ்நாள் முழுக்க ஓடும் வேலையா? பழைய கோப்புகள் ஒரு நாள் தீர்ந்துபோகும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நாலு பக்க வெப்சைட், ஆங்கில உள்ளடக்கம் எழுதுவது போன்ற அடிமட்ட வேலைகளுக்கான விலை எப்படி விழுந்தது என்று எல்லோரும் பார்த்தோம்.

என் கருத்து இதுதான்: நேராக ஃப்ரீலான்ஸில் குதிப்பதுதான் தவறு. டிகிரி இல்லாவிட்டாலும் மதுரை, கோவையில் பத்து பேர் இருக்கும் சின்ன கம்பெனியில் ஒன்றரை வருடம் வேலை செய்யுங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியைப் பயன்படுத்துவது, அடுத்தவர் எழுதியதைப் படிப்பது, கிளையண்ட் கத்தும்போது என்ன பதில் சொல்வது, இவையெல்லாம் தனியாக உட்கார்ந்து வராது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறது. 2005லிருந்தே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். புதிதாகப் பள்ளி முடித்து வருபவர்களுக்கானது என்பதால் உங்கள் வயதுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் பட்டம் கேட்காமல் ஆள் எடுக்க முடியும் என்பதற்கு நம் மாவட்டங்களுக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

முல்லை_நிரல்
5 ஜூன் 2024, மதியம் 1:15

ஓஎம்ஆர் சார், இதுல நான் உங்க பக்கம்தான். நான் ஆறு வருஷம் ஆபீஸ்ல இருந்தேன்னு சொன்னேனே, அது சும்மா இல்லை. ஃப்ரீலான்ஸ் முதல் படி இல்லை, ரெண்டாவது படி. இந்தத் தம்பி ஏற்கெனவே ரெண்டு வருஷம் முதல் படியிலதான் நிக்கிறான், அவனுக்குத்தான் அது படின்னு தெரியலை. அதனால பிரஸ் வேலையை இப்ப விடாதே. மாசம் 11,000 வர்றப்போ கிளையண்ட்கிட்ட "முடியாது"ன்னு சொல்ல தைரியம் இருக்கும். அதுவும் இல்லைன்னா கேட்ட விலைக்கெல்லாம் தலையாட்டுவே.

தளங்கள் பத்தி. இந்த 2024 கணக்குப்படி, அப்வொர்க் போன வருஷம் மே மாசத்துல இருந்து எல்லாருக்கும் 10% எடுக்குது, ஃபைவர் 20%. அப்வொர்க்ல விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ்ங்கிற டோக்கன் வாங்கணும், ஒண்ணு 15 சென்ட், ஒரு வேலைக்குப் பத்துக்கு மேல கேட்கும். மணிக்கணக்கு வேலைன்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். அந்த நேரம் நீ யூடியூப்ல பாட்டு கேட்டுட்டு இருந்தா கிளையண்ட் பார்ப்பார். ஃபைவர்ல வேலை முடிஞ்சும் காசு கைக்கு வர 14 நாள். இதெல்லாம் அநியாயம் இல்லை, நடுவுல ஒருத்தர் காசைப் பிடிச்சு வச்சிருக்கிறது உனக்கும் பாதுகாப்புதான். ஆனா ஒரு ரிவ்யூ கூட இல்லாம அங்க போறது, தெரியாத ஊர் சந்தையில கடைசி வரிசையில கடை போடுற மாதிரி.

வடமராட்சி
5 ஜூன் 2024, இரவு 9:10

நான் பருத்தித்துறையில இருந்து எழுதிறன். உங்கட நாட்டு ஆக்கள் வெளிநாட்டுக் காசு எடுக்கப் பேபால், பேபால் எண்டு கதைக்கேக்க எனக்குப் பொறாமையா இருக்கு. எங்கட நாட்டில பேபாலால காசு அனுப்பலாம், எடுக்கேலாது. நான் பயோனியர் ஊடாத்தான் எடுக்கிறன்.

தம்பிக்கு ஒண்டு சொல்லுறன். நானும் ஏ.எல்.லோட (உங்கட பிளஸ் டூ மாதிரி) நிண்டனான். முதல் வேலை ரொறன்ரோவில இருக்கிற என்ர ஒண்டுவிட்ட அண்ணையின்ர கடைக்குச் செய்தனான், சும்மா. அவர் பக்கத்துக் கடைக்காரருக்குச் சொன்னார், அவர் கோயில் நிர்வாகத்துக்குச் சொன்னார். சொந்தக்காரருக்குச் செய்யிறது எண்டா ஒருக்காத்தான் சும்மா செய்யலாம். ரெண்டாம் தரம் விலை சொல்லாட்டி, சாகும்வரை சும்மாதான்.

அரியர்பையன்
6 ஜூன் 2024, இரவு 11:05

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளா தூக்கம் இல்ல, நல்ல விதமாத்தான்.

இன்னொரு விஷயம். தெரிஞ்ச பட்டாசுக் கடைக்காரர் ஒருத்தர் தீபாவளிக்கு வெப்சைட் கேட்குறார். விலைப்பட்டியல், கூடை, ஆன்லைன்ல பணம் கட்டுறது எல்லாம் வேணுமாம். 15,000 தர்றேன்னார். இதுவே முதல் வேலையா எடுத்துக்கவா?

ரிச்சி_தெரு
7 ஜூன் 2024, காலை 6:02

சிவகாசிக்காரனுக்கு நான் சொல்லணுமா? 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்புலயே சொல்லிடுச்சு, இணையத்துல பட்டாசு விக்கக் கூடாதுன்னு. ஊர்ல நூறு பேர் நடத்துறாங்கன்னு சொல்லுவே. நடத்துறாங்க. "எஸ்டிமேட்"னு பேர் வச்சு, வாட்ஸப்ல பேசி, பணத்தைத் தனியா வாங்கி நடத்துறாங்க. முதல் வேலையிலயே அந்த வம்பு உனக்கு எதுக்கு? அதுவும் போக, அதே மாதிரி கடை பேர்ல போலி சைட் போட்டு ஜனங்ககிட்ட பணம் பிடுங்குற கும்பல் ஒவ்வொரு தீபாவளிக்கும் கிளம்பும். உன் சைட்டுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாம எவனாவது புகார் கொடுத்தா, சைட்டோட முகவரி, அதான் டொமைன், யார் பேர்ல இருக்கோ அவனைத்தான் கூப்பிடுவாங்க.

கடை எங்க இருக்கு, லைசென்ஸ், போன் நம்பர், இவ்வளவோட ஒரு பக்கம் போட்டுக் கொடு. பணம் கட்டுற பட்டன் வைக்காதே. 4,000 வாங்கிக்கோ.

பேரேடு
7 ஜூன் 2024, மாலை 7:25

மதுரையில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். டிகிரியைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. காசு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

வரும் காசைத் தனி வங்கிக் கணக்கில் வாங்குங்கள். அம்மாவின் ஜன்தன் கணக்கில் வாங்கிவிட்டு மூன்று வருடம் கழித்து எங்களிடம் வந்து அழுதவர்கள் உண்டு. பான் கார்டு கட்டாயம். பான் இல்லாவிட்டால் கிளையண்ட் 20% வரியாகப் பிடித்துவிடுவார். இருந்தால் 10%, அதுவும் ஒரு வருடத்தில் ஒரே இடத்திலிருந்து 30,000 தாண்டினால்தான் (இது 2024-25 நிதியாண்டுக் கணக்கு). பிடித்தது போச்சு என்று நினைக்க வேண்டாம். 2024-25 நிதியாண்டில் புதிய வரி முறையில் வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் வரியே இல்லை, ரிட்டர்ன் போட்டால் முழுதும் திரும்பி வரும். ஜிஎஸ்டி பதிவு, சேவைக்கு 20 லட்சம் வரை தேவையில்லை. உங்களுக்கு அந்தக் கவலை வரும் நாளில் சந்தோஷப்படுங்கள்.

வெளிநாட்டுப் பணம் வந்தால் அது எதற்காக வந்தது என்று காட்டும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்கும். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. "குடும்பச் செலவுக்கு வந்தது" என்று சோம்பலில் போட்டுவிடாதீர்கள். அயல்நாட்டு வரவுச் சான்றை வங்கியிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

ரிட்டர்னை வருமானம் குறைவாக இருக்கும் வருடத்திலிருந்தே போடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத ஆளுக்கு வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கும்போது வங்கி பார்ப்பது அந்த இரண்டு மூன்று வருட ரிட்டர்னைத்தான். ரிச்சி_தெரு அண்ணனிடம் மேனேஜர் கேட்டதும் அதனால்தான் இருக்கும்.

ரிச்சி_தெரு
7 ஜூன் 2024, இரவு 8:00

அதேதான். 2009 வரை நான் ரிட்டர்னே போட்டதில்லை. ஆட்டோ வாங்கப் போய் அசிங்கப்பட்டேன்.

ஓஎம்ஆர்_வாசி
8 ஜூன் 2024, காலை 11:10

சான்றிதழ் விஷயத்தை யாரும் தொடவில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யூஜிசி 2018இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு முதல்வருக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு. நேரில் போய்க் கெஞ்ச வேண்டாம். பெரும்பாலும் கடிதத்திலேயே வேலை முடிந்துவிடும். பாக்கி பணம் உண்மையிலேயே கட்ட வேண்டியதாக இருந்தால் அது தனி விஷயம், தவணை கேளுங்கள்.

மார்க் ஷீட் கையில் வந்ததும் அடுத்ததை யோசியுங்கள். ஈசிஇ பிடிக்கவில்லை என்றால் அந்த 11 அரியரைத் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. இக்னோ என்ற தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் பிசிஏ இருக்கிறது, குறைந்தது 3 வருடம், இழுத்தால் 6 வருடம் வரை. ஐஐடி மெட்ராஸ் 2020இல் ஆரம்பித்த டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை, நாலு வார பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் போதும். பாடம் ஆன்லைனில், தேர்வு நேரில். நடுவில் விட்டாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். கணக்கு உண்டு, எச்சரிக்கிறேன்.

முல்லை_நிரல்
8 ஜூன் 2024, மதியம் 2:05

சார் இப்பத்தான் மனுஷன் மாதிரி பேசுறார்.

ஓஎம்ஆர்_வாசி
8 ஜூன் 2024, மதியம் 2:30

நன்றி என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு உண்மை: என் தம்பியும் பி.இ. முடிக்கவில்லை. அவனிடம் இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

அரியர்பையன்
24 நவம்பர் 2024, இரவு 10:30

இந்த இழையை மறந்துட்டேன்னு நினைச்சிருப்பீங்க. ஆடிப்பெருக்குக்கு புது வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பம் வந்ததுல இருந்து பிரஸ்ல மூச்சு விட நேரமில்ல.

நடந்ததைச் சொல்றேன். ஜூலையில எங்க பிரஸ்ல புக் அடிக்க வர்ற ஒரு பதிப்பக அண்ணாச்சிகிட்ட பேசினேன். "உங்க பழைய புக்கெல்லாம் மின்னூல் ஆக்கலாமே"ன்னு கேட்டா, சிரிச்சார். ஏற்கெனவே ஒருத்தர்கிட்ட கொடுத்தாராம், வந்ததைப் படிச்சா பக்கத்துக்குப் பத்து தப்பாம். ஒரு அத்தியாயம் மட்டும் கொடுங்க, காசு வேணாம்னு வாங்கிட்டு வந்தேன். வடமராட்சி அண்ணன் சொன்னபடி "இது ஒரு தடவைதான் சும்மா"ன்னும் சொல்லிட்டேன்.

மாற்றியில போட்டப்போ அக்கா சொன்ன அத்தனையும் வந்துச்சு, சொல்லாததும் வந்துச்சு. ஸ்ரீ ஒவ்வொரு புக்லயும் ஒவ்வொரு விதமா உடையுது. வரி முடிவுல வெட்டின வார்த்தையில ஹைபன் நடுவுலயே உட்கார்ந்திருக்கு. ஒரு புக்ல பாதி பாமினி, பாதி வேற ஃபாண்ட். ஏன்னா நடுவுல டிடிபி ஆள் மாறியிருக்கார். அந்த ஆள் யாருன்னு விசாரிச்சா, எங்க பிரஸ்லயே இப்ப சூப்பர்வைசரா இருக்கார்! அவர்கிட்டயே கேட்டு ஃபாண்டைக் கண்டுபிடிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் பைத்தான்ல ஒரு விதி, இப்ப 140 விதி சேர்ந்திருக்கு.

அண்ணாச்சி அத்தியாயத்தைப் படிச்சிட்டு மறுநாளே கூப்பிட்டார். 9 புக், பக்கத்துக்கு 15 ரூபாய், 2,000 பக்கம். பாதி அட்வான்ஸ் கேட்டேன், குரல் நடுங்குச்சு, கொடுத்துட்டார். அப்புறம் புக் லிஸ்ட் போட்ட சின்ன வெப்சைட் ஒண்ணு, 18,000. மொத்தம் 48,000. அவங்க பார்ட்னர்ஷிப் ஃபர்ம், அதனால 4,800 வரி பிடிச்சிட்டுத்தான் தந்தாங்க. பேரேடு சார், பிடிச்ச வரியைக் காட்டுற 26ஏஎஸ் படிவத்துல இன்னும் காட்டலையே?

பட்டாசு வெப்சைட் எடுக்கலை. ஒரு பக்கம் மட்டும் போட்டுத் தர்றேன்னேன், அவர் வேற ஆளைப் பார்த்துக்கிட்டார்.

லெட்டர் போட்டேன். பதினெட்டு நாள்ல மார்க் ஷீட் வந்துருச்சு. பாக்கி ஃபீஸ் மாசம் 2,000 கட்டுறேன். இக்னோ பிசிஏவுக்கு ஜனவரிச் சேர்க்கையில போடப் போறேன். ஐஐடி படிப்போட மாதிரி கணக்குப் பேப்பரைப் பார்த்தேன், மூடி வச்சிட்டேன்.

பிரஸ் வேலையை விடலை.

பேரேடு
25 நவம்பர் 2024, காலை 9:50

பணம் அக்டோபரில் வந்ததா? அப்படியானால் அக்டோபர்–டிசம்பர் காலாண்டு விவரத்தை அவர்கள் ஜனவரி 31க்குள் தாக்கல் செய்வார்கள். பிப்ரவரியில் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் உங்கள் பான் எண்ணைச் சரியாகப் போட்டார்களா என்று கேளுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் வேறொருவர் கணக்கில் போய் உட்காரும்.

முல்லை_நிரல்
25 நவம்பர் 2024, மதியம் 1:40

பக்கத்துக்கு 15 கம்மி தம்பி. அடுத்த ஆளுக்கு 25 சொல்லு. அந்த 140 விதியை யாருக்கும் கொடுக்காதே, பென் டிரைவ்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு காப்பி வச்சுக்கோ. "பழைய ஃபாண்ட் டு யூனிகோட், பிழைதிருத்தத்தோட"ன்னு ஒரு பக்கம் உன் பேர்ல போடு, முன்பு-பின்பு ரெண்டு பத்தி காட்டு. அதுதான் உன் போர்ட்ஃபோலியோ. பேஷனேட்னு எங்கயும் எழுதாதே.

ரிச்சி_தெரு
25 நவம்பர் 2024, இரவு 7:15

எல்லாம் சரி. அண்ணாச்சி வெப்சைட்டுக்கு டொமைனும் ஹோஸ்டிங்கும் யார் பேர்ல வாங்கினே?

அரியர்பையன்
25 நவம்பர் 2024, இரவு 10:48

என் பேர்லதான் அண்ணே. என் மெயில், என் போன் நம்பர். தப்பா?

ரிச்சி_தெரு
26 நவம்பர் 2024, காலை 5:55

தப்புதான். நாளைக்கு நீ வெளியூர் போயிட்டே, புதுப்பிக்க மறந்துட்டேன்னா அவர் சைட் போயிடும். இல்ல, உங்க ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வந்தா, நீ பிடிச்சு வச்சிருக்கேன்னு ஊர் முழுக்கச் சொல்லுவார். உன் காலேஜ் உன் மார்க் ஷீட்டைப் பிடிச்சு வச்ச மாதிரி. இந்த வாரமே அவர் பேருக்கு மாத்து. வருஷா வருஷம் பார்த்துக்கிறதுக்குத் தனியா 3,000 கேளு, அதை எழுதி வாங்கிக்கோ.

அரியர்பையன்
28 நவம்பர் 2024, இரவு 11:12

மாத்திட்டேன் அண்ணே. 3,000க்கும் சரின்னுட்டார். ஒரே கஷ்டம், அண்ணாச்சிகிட்ட பட்டன் போன்தான். அதனால மெயில், ஓடிபி எல்லாம் அவர் பேரன் போனுக்குப் போகுது. எதுனா மாத்தணும்னா பேரன் டியூஷன் விட்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் திண்ணையில உட்கார்ந்திருக்கோம்.